சிங்கப்பூர் ஆறரை மணித்தியாலமா?

தம்பி, இரவு 12.50க்கு ஏறி காலை 7.20க்கு சிங்கப்பூரில் இறங்குவதாக டிக்கெட்டில் போட்டிருக்கு, அம்மா ஆறரை மணித்தியாலம் இருப்பாவா என்று கேட்டிருந்தீங்க. அவ்வளவு இல்லை. கொழும்பிலிருந்து சுமார் 2,700 கிலோமீற்றர், பறப்பது நாலு மணித்தியாலம்தான். மிச்ச இரண்டரை, அங்கே மணிக்கூடு நம்மை விட முன்னால் ஓடுவதால் வருவது. திரும்பும்போது ஒன்றரை மணித்தியாலத்தில் வந்தது போலக் காட்டும், அதையும் நம்பாதீங்க.

உண்மையான பாடு மட்டக்களப்பு கல்லடியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையம் போவதுதான். வாகனத்தில் ஆறேழு மணித்தியாலம் பிடிக்கும், இருட்டினால் மின்னேரியா, ஹபரணைப் பக்கம் யானை றோட்டில் நிற்கும். மூன்று மணித்தியாலம் முன்னால் அங்கே நிற்க வேணும், அதனால் மதியச் சாப்பாடு முடிந்ததும் வெளிக்கிடுங்க. அப்புறம் திகதியைப் பாருங்க: 15ஆம் திகதி 12.50 என்றால் 14ஆம் திகதியே புறப்பட வேணும்.