பிள்ளைத்தாய்ச்சியின் முரசும் பிள்ளையின் முதற்பல்லும்

நாலாம் மாதம். பல் துலக்கினாலே முரசில் (ஈறில்) ரத்தம். பிள்ளை என் பல்லிலிருந்து கல்சியத்தை எடுக்கிறது என்கிறார் மாமி. – களுவாஞ்சிக்குடி

பிள்ளை பல்லில் கை வைப்பதில்லை. வேண்டிய கல்சியம் உங்கள் சாப்பாட்டிலிருந்து போகும், போதாவிட்டால் எலும்பிலிருந்து. ரத்தம் வருவது வேறு காரணத்தால். இந்த மாதங்களில் ஹோர்மோன் கூடுவதால், பல்லோரத்தில் கொஞ்சம் அழுக்குப் படிந்தாலே முரசு சிவந்து வீங்கிவிடும். ரத்தத்துக்குப் பயந்து பிரஷை ஒதுக்கினால் அழுக்கும் சேரும், ரத்தமும் கூடும். மெல்லிய நார் பிரஷால் இரண்டு வேளையும் முரசோரமாகத் துலக்குங்கள். மாமி எருமைத்தயிர் தந்தால் மறுக்க வேண்டாம், அதில் ஊற்றும் இனிப்புப் பாணியை மட்டும் குறையுங்கள்.

காலையில் சத்தி எடுத்ததும் பல் துலக்கலாமா? – அக்கரைப்பற்று

உடனே வேண்டாம். வயிற்று அமிலம் பட்டு எனாமல் இளகியிருக்கும் நேரம் அது. ஒரு கிளாஸ் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்துக் கொப்பளியுங்கள். அரை மணி நேரம் கழித்துத் துலக்கலாம்.

ஆறாம் மாதம். கடைவாய்ப் பல்லில் சூத்தை, இரவில் தூங்க முடியவில்லை. பிள்ளை பிறந்த பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். – வாழைச்சேனை

சொல்கிறவர்களுக்கு வலியில்லை, அதுதான். மூன்று மாதம் சும்மா விட்டால் சூத்தை சீழாகும். பற்சிகிச்சையை எந்த மாதத்திலும் செய்யலாம், நாலு முதல் ஆறு வரை வசதி. கடைசி மாதங்களில் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அமர்த்தித் தலைசுற்றும். அப்போதும் இடப்பக்கம் கொஞ்சம் சரிந்து படுத்தால் போதும். லிக்னோகெயின் விறைப்பு ஊசி பிள்ளைக்குக் கெடுதல் இல்லை. எக்ஸ்ரே தேவைப்பட்டாலும் எடுக்கலாம். வலிக்குப் பரசிற்றமோல், சொன்ன அளவில். பார்மசியில் கேட்டு வேறு குளிசை வாங்காதீர்கள்: 20 வாரத்துக்குப் பிறகு இபுபுரூஃபன் ஆகாது, டெட்ராசைக்ளின் என்ற அன்டிபயோட்டிக் பிள்ளையின் பல்லையே நிறம் மாற்றிவிடும். கிளினிக் அட்டையோடு போங்கள். எங்கே போவதென்று மிட்வைஃப் வழி சொல்லுவார். முகம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் அன்றிரவே ஆஸ்பத்திரி.

மகனுக்கு மேற்பல் முதலில் வந்திருக்கிறது. மாமனுக்குக் கூடாதாம். – திருக்கோவில்

மாமனுக்கு ஒன்றும் ஆகாது. பெரும்பாலும் கீழ்ப்பல்தான் முந்தும், சிலருக்கு மாறி வரும். பயமில்லாமல் பல்லுக்கொழுக்கட்டை அவியுங்கள், மாமனையும் கூப்பிடுங்கள்.

பத்து மாதம். பால்போத்தல் வாயில் இருந்தால்தான் தூங்குவாள். பால்பல் எப்படியும் விழத்தானே போகிறது? – ஆரையம்பதி

விழும், ஆனால் கடைவாய்ப் பால்பல் விழ 10, 12 வயதாகும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் பால் மேல் முன்பற்களில் தேங்கி அரிக்கும். மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். முரசோரத்தில் சுண்ணாம்பு வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தால் அதுதான் தொடக்கம், தாமதிக்காமல் காட்டுங்கள். படுக்கப் போடுமுன் பாலை முடித்து, ஓர் அரிசி அளவு ஃபுளோரைட் பற்பசையால் துலக்கிவிடுங்கள். போத்தல் கேட்டு அழுதால் வெறும் தண்ணீர். சூப்பியில் தேன் தடவும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஒரு வயதுக்குள் தேன் பல்லுக்கு மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து.