எனக்குத் தெரிந்த யாருமே அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை. அப்புறம் எப்படி ஜெயித்தார்கள்?

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு தேர்தல் முடிவு வந்த ராத்திரி, நீங்கள் கேட்ட இதே கேள்வியை நான் என் மனைவியிடம் கேட்டேன். அவள் பதில் சொல்லாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. அதை இங்கே விவரமாக எழுதப் போவதில்லை, நான் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

உங்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஆபீஸ் வேலையாக இருக்கும். கூட வேலை பார்க்கிறவர்கள் கிட்டத்தட்ட உங்கள் வயது, உங்கள் படிப்பு, உங்கள் சம்பளம். கல்லூரி நண்பர்கள் குழு ஒன்று, அதில் அரசியல் மீம்ஸ் ஓடும், எல்லோரும் சிரிப்பார்கள். சித்தப்பாவோ மாமாவோ ஒருத்தர் மட்டும் எதிராகப் பேசுவார், அவரை "அவர் அப்படித்தான்" என்று தள்ளி வைத்திருப்பீர்கள். "எனக்குத் தெரிந்த யாருமே" என்று நீங்கள் எழுதியதில் அந்த மாமாவை எண்ணவில்லை, சரிதானே? நானும் எண்ணவில்லை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் எந்தக் கட்சி என்று இதில் எங்கேயும் வராது, கண்டுபிடிக்க வேண்டாம். எல்லாக் கட்சியும் ஒன்றுதான் என்று சொல்லவும் நான் வரவில்லை. எனக்குப் பிடிக்காததை இன்றைக்கும் பிடிக்காது. தேர்தலில் மோசடியே நடக்காது என்றும் சொல்லவில்லை, அது வேறு கேள்வி. "நடுநிலை நக்கி" என்று திட்டத் தயாராக இருப்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டுங்கள்.

இனி என் கதை. அடுத்த தேர்தலுக்கு ஒரு வாரம் இருந்தது. எங்கள் பிரிவில் 14 பேர். அதில் 13 பேர் ஒரு பக்கம், ஒருத்தர் மட்டும் எதிர்ப்பக்கம் என்பது ஊரறிந்த விஷயம். அந்த ஒருத்தருக்கு நாங்கள் வைத்த பெயரே "எதிர்க்கட்சி". வருகைப் பதிவில் அவர் தாமதமாக வந்தால் "எதிர்க்கட்சி வெளிநடப்பு", ஒரு வேலையை மாட்டேன் என்றால் "எதிர்க்கட்சி ஒத்துழைப்பு மறுப்பு", இப்படி. அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார். நல்ல மனுஷர். இந்தக் கேலியில் பாதிக்கு மேல் என் கைவண்ணம்தான், மறைக்க என்ன இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நாமே ஒரு ரகசிய ஓட்டெடுப்பு வைத்தால் என்ன? நோக்கம் ஒன்றும் உயர்ந்ததில்லை. 13–1 என்று வரும், அதை வெள்ளைப் பலகையில் எழுதி, பக்கத்தில் எதிர்க்கட்சியை நிற்கவைத்துப் படம் எடுத்துக் குழுவில் போடலாம், அவ்வளவுதான். பிரிண்டர் டோனர் வந்த அட்டைப்பெட்டியில் பிளேடால் ஒரு வாய் கிழித்தேன். வீணான காகிதத்தின் பின்பக்கத்தை 14 சீட்டாக வெட்டினேன். எங்கள் பக்கம் என்றால் வட்டம், அந்தப் பக்கம் என்றால் பெருக்கல் குறி. மூலையில் இருந்த காலி மேஜைதான் வாக்குச்சாவடி. ஒவ்வொருவராகப் போய், முதுகைக் காட்டி நின்று, கிறுக்கி, மடித்துப் போட்டார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டே போனார்கள், சிரித்துக்கொண்டே வந்தார்கள். அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

நான்தான் பிரித்துப் படித்தேன். வட்டம், வட்டம், பெருக்கல். எதிர்க்கட்சியைப் பார்த்து எல்லோரும் கை தட்டினோம். வட்டம். பெருக்கல். யாரோ "கள்ள ஓட்டு!" என்று கத்தினார்கள், அதற்கும் சிரிப்பு. அடுத்ததும் பெருக்கல். அதற்குச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. கடைசிச் சீட்டைப் பிரிக்கும்போது அறையில் ஏசி சத்தம் மட்டும்தான் கேட்டது.

8–6.

ஜெயித்தது நாங்கள்தான், கணக்குப்படி. ஆனால் யாரும் கை தட்டவில்லை. நான் நிமிர்ந்து பார்த்தபோது என்னைவிட அதிகமாக அதிர்ந்து போயிருந்தவர் எதிர்க்கட்சிதான். அவர் சந்தோஷப்படுவார் என்றல்லவா நினைப்போம்? முகம் சிவந்துவிட்டது. மெதுவாக, யாரையும் பார்க்காமல், "அப்போ இத்தனை வருஷமா என்னைத் தனியா விட்டுட்டு வேடிக்கை பார்த்தீங்களா?" என்றார். எங்களை அவர் கேட்கவில்லை. அந்த ஐந்து பேரைக் கேட்டார். அவர்கள் யார் என்று அவருக்கும் தெரியாது. நான் கிண்டலடித்தபோதெல்லாம் கூடச் சேர்ந்து சிரித்த அந்த ஐந்து பேர். நான் கட்டிய வேலி அவர்களை என்னிடமிருந்து மட்டும் மறைக்கவில்லை, அவர்களை ஒருத்தரிடமிருந்து ஒருத்தர் மறைத்துவிட்டது. ஆறு பேரில் ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஜெர்மனியில் கருத்துக்கணிப்பு நடத்திய எலிசபெத் நோயல்-நோய்மன் 1974-ல் இதை "மௌனச் சுழல்" என்றார். தன் கருத்துக்கு ஆதரவு குறைவு என்று நினைப்பவன் தனிமைப்பட்டுவிடுவோமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வான், அவன் மூடுவதால் அந்தப் பக்கம் இன்னும் சிறிதாகத் தெரியும், அதைப் பார்த்து அடுத்தவனும் மூடுவான். நான் 13 என்று எண்ணியதற்கும் விளக்கம் உண்டு. லீ ராஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 1977-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரு விளம்பரப் பலகையை உடம்பில் மாட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வர முடியுமா என்று மாணவர்களைக் கேட்டார்கள். சரி என்றவர்கள் "பெரும்பாலோர் சரி என்றுதான் சொல்வார்கள்" என்றார்கள். முடியாது என்றவர்கள் "பெரும்பாலோர் முடியாது என்பார்கள்" என்றார்கள். தன்னைத்தான் சராசரி மனிதன் என்று ஒவ்வொருவனும் நினைக்கிறான். நானும்தான்.

"14 பேரை வைத்து ஒரு கதையா" என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் எண்ணிக்கை கூடினால், நம்மைப் போன்றவர்களை மட்டுமே பார்க்கும் இந்தக் குமிழி உடைந்துவிடும் என்று நம்பாதீர்கள். அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்று ஒரு பத்திரிகை, 1936 அதிபர் தேர்தலுக்கு சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி ஓட்டுச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. அதிபர் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். முகவரிகளைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் பட்டியலிலிருந்தும் எடுத்திருந்தார்கள். பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில் காரும் தொலைபேசியும் வைத்திருந்தவர்கள் யார்? போதாததற்கு, சீட்டு கிடைத்தவர்களிலும் பெரும்பாலோர் பதில் அனுப்பவில்லை, சொல்ல ஆசைப்பட்டவர்கள்தான் அனுப்பினார்கள். அதே தேர்தலில் இதைவிட எவ்வளவோ குறைவான ஆட்களைக் கேட்டு, யார் ஜெயிப்பார் என்று கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் சரியாகச் சொன்னார். உங்கள் போனில் இருக்கும் 600 தொடர்பு எண்களும் அந்தத் தொலைபேசிப் புத்தகம் மாதிரிதான், கொஞ்சம் சிறிது.

இப்போது நான் செய்த கேவலமான வேலைக்கு வருகிறேன். அந்தச் சீட்டுகளை நான் குப்பையில் போடவில்லை. பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். ராத்திரி விளக்கின் கீழே ஆறு பெருக்கல் குறிகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ரகசிய ஓட்டு என்று சொல்லி வாங்கிவிட்டு இப்படிச் செய்வது எவ்வளவு பெரிய தப்பு என்று அப்போது தோன்றவேயில்லை. ஒன்று காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்திப் போட்டது, அது எதிர்க்கட்சி, சந்தேகமே இல்லை. ஒன்றின் வால் கொக்கி மாதிரி வளைந்திருந்தது. ஒன்று பச்சை மை.

எங்கள் பிரிவில் பச்சைப் பேனா வைத்திருப்பது ஒரே ஆள். என் பக்கத்து இருக்கை, ஏழு வருட நண்பன். திருத்தங்களைப் பச்சையில் போடுவது அவன் பழக்கம். எனக்கு வந்த கோபத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவன் எந்தக் கட்சிக்குப் போட்டான் என்பதுகூட இரண்டாம் பட்சம். இத்தனை வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினானே! மூன்று வாரம் அவனிடம் சரியாகப் பேசவில்லை. மதிய இடைவேளைக்குக் கூப்பிடாமல் போனேன். அவன் அனுப்பிய நகைச்சுவைக்கு வெறும் கட்டைவிரல். அதற்குள் நிஜத் தேர்தலும் வந்து நாங்கள் தோற்றிருந்தோம், அந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

நான்காவது வாரம் அவனே வந்தான். "என்னடா ஆச்சு உனக்கு?" என்றான். பச்சைச் சீட்டைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "அந்தப் பேனா அன்னிக்கு ஓட்டுப் போட்ட மேஜையிலதான் கிடந்துது. என் பேனாவை எடுத்தா யார்டா திருப்பிக் குடுக்கறீங்க? நாலஞ்சு பேரு அதுலதான் எழுதினாங்க."

"சரி, நீ எதுக்குப் போட்ட?"

"சொல்ல மாட்டேன்."

"ஏன்? எங்கிட்டயுமா?"

"சொன்னா எப்படி நடந்துக்குவேன்னுதான் மூணு வாரமா காட்டிட்டியே."

அதற்கு மேல் என்ன பேசுவது? வட்டங்களை எடுத்துப் பார்த்தேன், ஆமாம், அதிலும் இரண்டு பச்சை இருந்தது. பெருக்கலை மட்டும் ஆராய்ந்தவன் வட்டத்தைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இடையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும், இதற்குச் சம்பந்தமில்லைதான். இந்த ஓட்டெடுப்பு விஷயம் எப்படியோ மேலே போய், என் வருடாந்திர மதிப்பீட்டில் "பணி நேரத்தைக் கவனச்சிதறலுக்குப் பயன்படுத்துகிறார்" என்று ஒரு வரி ஏறியது. பத்தே நிமிட வேலை! அதே தளத்தில் இன்னொரு பிரிவு, விளையாட்டுப் போட்டிகளுக்குத் திரை கட்டி, பணம் வசூலித்து, பந்தயம் நடத்துகிறது, மேலாளரே முதல் வரிசையில் உட்காருகிறார். அது "குழு உணர்வு" என்று பாராட்டு வாங்குகிறது. ஒரு வருட உயர்வு எனக்கு அரைகுறையாகத்தான் வந்தது. என் நாற்காலியின் கைப்பிடி உடைந்து எட்டு மாதம் ஆகிறது, அதை மாற்றக் கேட்டால் மட்டும் யாருக்கும் கவனமே வருவதில்லை. சரி, விடுங்கள்.

எல்லாப் பழியையும் அல்காரிதம் மேல், அதாவது நமக்கு எதைக் காட்டுவது என்று சமூக ஊடகம் போடும் கணக்கின் மேல், போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கணக்கு நமக்குப் பிடித்ததை மட்டுமே வடிகட்டிக் காட்டுவதை "வடிகட்டிக் குமிழி" என்பார்கள், அந்தச் சொல்லை எலி பாரிசர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2011-ல் பரப்பினார், அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஃபேஸ்புக்கின் ஆய்வாளர்கள் சுமார் 1 கோடி அமெரிக்கப் பயனர்களை வைத்து 2015-ல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், எதிர்த்தரப்புச் செய்தி கண்ணில் படாமல் போவதற்கு அல்காரிதம் பதிவுகளை வரிசைப்படுத்துவதைவிட, யாரை நண்பராக வைத்திருக்கிறோம், எதைத் தொட்டுத் திறக்கிறோம் என்பதுதான் பெரிய காரணம் என்றார்கள். அந்த நிறுவனத்து ஆட்களே எழுதினால் வேறு எப்படி எழுதுவார்கள் என்று நீங்கள் கேட்டால், நியாயம்தான். ஆனால் என் கதையில் அல்காரிதமே இல்லையே. ஓர் அட்டைப்பெட்டியும் என் வாயும்தான் இருந்தன.

"எதிர்க்கருத்தைத் தேடிப் படியுங்கள், சரியாகிவிடும்" என்ற அறிவுரையையும் நான் தரமாட்டேன். கிறிஸ் பெய்ல் என்ற சமூகவியலாளரின் குழு, ட்விட்டரில் எதிர்த்தரப்புப் பதிவுகளை மறுபகிர்வு செய்யும் ஒரு தானியங்கிக் கணக்கை ஒரு மாதம் பின்தொடர ஆட்களுக்குப் பணம் கொடுத்துப் பார்த்தது. 2018-ல் வந்த முடிவு: குடியரசுக் கட்சிக்காரர்கள் முன்னைவிடத் தங்கள் பக்கமே அதிகமாகச் சாய்ந்திருந்தார்கள். கத்துகிற அந்நியனைப் படிப்பது வேறு, பக்கத்து இருக்கைக்காரன் பயமில்லாமல் வாய் திறப்பது வேறு. இரண்டாவது நடக்க வேண்டுமென்றால் நான் சும்மா இருக்க வேண்டும். அதுதான் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

ஆக, உங்கள் கேள்விக்கு என் பதில்: உங்களுக்குத் தெரிந்தவர்களில் சிலர் போட்டிருப்பார்கள். யார் என்று தேடாதீர்கள். நான் தேடி ஒரு நண்பனைப் பாதி இழந்தேன். இப்போது பேசிக்கொள்கிறோம், ஆனால் அரசியல் வந்தால் அவன் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவான்.

"எதிர்க்கட்சி" என்று இப்போது யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை. நான் ஒரு முறை தனியாக மன்னிப்புக் கேட்டேன், "பரவாயில்ல தம்பி" என்றார், ஆனால் முன்னைப் போல என்னோடு சிரிப்பதில்லை. போன மாதம், அடுத்த தேர்தல் பேச்சு வந்தபோது புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் விஷயம் தெரியாமல் "நம்ம பிரிவுல ஒரு ஓட்டெடுப்பு வைக்கலாமே சார்" என்றான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்தான் முதலில் பேசினார்.

"வைக்கலாம். ஆனா சீட்டை நான் வெட்டுறேன். பேனா எல்லாருக்கும் ஒரே கறுப்பு. எண்ணி முடிச்சதும் அங்கேயே கிழிச்சுப் போட்டுடணும்."

என் நண்பன் தலையை நிமிர்த்தாமல் "பேனாவை நூல் போட்டு மேஜையில கட்டிடுங்க" என்றான்.