பழைய காருக்கு ஒரிஜினல் பார்ட்ஸ் எங்க கிடைக்கும், அது ஒரிஜினல்தான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

கோபி பக்கம் தோட்டத்து சாளையில தாத்தாவோட 1966 ஸ்டேண்டர்டு ஹெரால்டு காரு நிக்குது, அதை ரீஸ்டோர் பண்ணோணும், விக்கறவங்க எல்லாருமே ஒரிஜினல்ங்கறாங்க, எதை நம்பறதுன்னு கேட்டிருக்கீங்க. நான் கோயமுத்தூருங்க, எங்க வீட்டுலயும் ஒரு ஹெரால்டு இருக்குது, அந்த வேலையில இறங்கித் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

எங்க தேடறதுங்கறது அப்பறம், மொதல்ல எதைத் தேடறோம்னு தெரியோணும். வண்டியைப் பிரிச்சதும் பட்டறையில துருப்பிடிச்சது, ஒடஞ்சது, தேஞ்சது எல்லாத்தையும் ஒரு மூலையில குமிச்சு பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட்டுருவாங்க, அதை மட்டும் விட்டுறாதீங்க. ஒடஞ்ச பீஸ்னாலும் ஒண்ணொண்ணுக்கும் சீட்டு கட்டி, பிரிக்கறதுக்கு முன்னாடி வண்டியில எப்படி இருந்துச்சுன்னு போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. விக்கறவரு வாயில வர்றதைவிட அந்தப் பீஸ்ல இருக்கற நம்பருதான் நெசம் பேசும். உங்க வண்டியில இருந்த பழைய பீஸ் கையில இருந்தாத்தான் வாங்கப்போற பீஸை ஒப்பிட்டுப் பாக்க முடியும்.

ஹெரால்டை இங்கிலாந்துல டிரையம்ப்ங்கற பேர்ல விட்ட ஸ்டேண்டர்டு டிரையம்ப் கம்பெனி தன்னோட ஸ்பேருக்கு ஸ்டான்பார்ட்னு பேர் வெச்சிருந்துச்சு, நெறைய வார்ப்புல அந்தப் பேரும் நம்பரும் எழும்பி நிக்கும். எலக்ட்ரிக்கல் சாமான்னா லூகாஸ்ங்கற இங்கிலாந்துக் கம்பெனியோடது. டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர், வைப்பர் மோட்டார் எதை எடுத்தாலும் மாடல் பேரு, அஞ்சு இலக்க நம்பரு, அதுகூட மாசமோ வாரமோ போட்டு வருஷமும் குத்தியிருப்பாங்க. 11 65ன்னு இருந்தா 1965ல செஞ்சது, 66ல வெளிய வந்த வண்டிக்கு அது பொருத்தமான தேதி, ஏன்னா பார்ட் செஞ்சு சில மாசம் கழிச்சுத்தான் வண்டியில ஏறும். 3 71ன்னு இருந்தா பின்னால யாரோ மாத்தினதுன்னு அர்த்தம், அது ஓடும், ஆனா உங்க வண்டியோட பிறந்தது இல்ல. இந்த எழுத்து எல்லாம் கிரீசும் மண்ணும் படிஞ்சு கண்ணுக்கே தெரியாதுங்க, மண்ணெண்ணெய்ல ஊறவெச்சு பழைய டூத் பிரஷ்ல மெதுவா தேச்சு எடுங்க, அப்பவும் தெரியலைன்னா சாக்பீஸைப் படுக்கவெச்சுத் தடவி விரலால தொடைச்சு விட்டா பள்ளத்துல வெள்ளை தங்கி நம்பர் படிக்க வரும். கிரைண்டர்ல ஒயர் வீலைப் போட்டுப் பளபளன்னு ஆக்கறேம்பாங்க, விடாதீங்க, நம்பரு போச்சுன்னா திரும்ப வராது.

இங்க எல்லாரும் தடுமாற ஒரு எடம் இருக்குது. மேட் இன் இங்கிலாந்துன்னு இருந்தாத்தான் ஒரிஜினல்னு ஒரு நெனப்பு, அதுக்காக எச்சாப் பணமும் குடுக்கறாங்க. உங்க வண்டி இங்கிலாந்துல பொறந்தது இல்லீங்களே, மெட்ராஸ் பக்கம் வண்டலூர்ல செஞ்சது. மெட்ராஸ்ல பாடிங்கற ஊர்ல லூகாஸ் டிவிஎஸ் கம்பெனி 1961லயும் பிரேக்ஸ் இண்டியா கம்பெனி 1962லயும் வந்தாச்சு, வெளிநாட்டுச் சாமானைக் கொறைச்சு உள்ளூர்ச் சாமானை வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே போன காலம் அது. அதனால 66 வண்டியில லூகாஸ் டிவிஎஸ்னு பேர் போட்ட பீஸ் இருந்தா அதைக் கழட்டிட்டு இங்கிலாந்துப் பீஸ் தேட வேண்டியதில்ல, அந்தப் பேருதான் அந்த வண்டியோட கதை. அதே மாதிரி மீட்டர் போர்டைப் பாருங்க, பிரிக்கால்னு பேர் போட்ட மீட்டர் மாட்டியிருந்தா அது நம்ம கோயமுத்தூர்க் கம்பெனி, நல்ல மீட்டரு, ஆனா கம்பெனி ஆரம்பிச்சதே 1975லதான், 66 வண்டிக்கு அது பின்னால ஏறினது. இப்படி எந்தக் கம்பெனி எந்த வருஷம் வந்துச்சுன்னு நாலு தேதி தெரிஞ்சு வெச்சிருந்தாலே பாதிப் பேச்சு அடிபட்டுப் போயிரும்.

அடுத்தது காப்பிப் பீஸ். நம்ம ஊரு பவுண்டரி ஊரு, ஆவாரம்பாளையம், கணபதி, பீளமேடுன்னு எங்க போய் ஒரு பீஸை நீட்டினாலும் அச்சு எடுத்து வார்த்து லேத்துல கடைஞ்சு கையில குடுத்துருவாங்க. இப்படி ஒரு வசதி வேற எங்கயும் இவ்வளவு கிட்டத்துல கிடைக்காதுங்க. ஆனா அப்படி வார்த்த பீஸுக்குக் கறுப்பேத்தி பழசுன்னு விக்கறதும் நடக்குது. அதைப் புடிக்க ஒரு வழி இருக்குது. உலோகம் ஆறும்போது சுருங்கும், இரும்பு வார்ப்புன்னா நூத்துக்கு ஒண்ணு வாக்குல, அலுமினியம் பித்தளைன்னா இன்னும் கொஞ்சம் எச்சு. பேட்டர்ன்னு வார்ப்புக்கு மாதிரி அடிக்கற ஆசாரிங்க அந்தச் சுருக்கத்தைக் கணக்குப் பண்ணித்தான் அளவைக் கூட்டி அடிப்பாங்க. பழைய பீஸையே மண்ணுல பதிச்சு நேரா காப்பி எடுத்தா அந்தக் கூட்டல் இருக்காது, 200 மில்லிமீட்டர் இருக்கோணும்ங்கற எடத்துல 198 கிட்டத்தான் நிக்கும். அதனால உங்க பழைய பீஸையும் வெர்னியரையும் எடுத்துட்டுப் போயி ரெண்டையும் அளங்க, ஆனா மெஷின் பண்ணாத கரடு பக்கத்துல அளக்கோணும், ஓட்டைக்கு ஓட்டை அளந்தா ஏமாந்துருவீங்க, ஏன்னா ஓட்டையை டிரில்லிங்ல சரியான எடத்துல போட்டிருப்பாங்க. எழுத்தையும் பாருங்க, ஒரிஜினல்ல எழுத்தோட ஓரம் வெட்டுனாப்பல நிக்கும், காப்பியில ஊறுன சோப்பு மாதிரி மொழுக்குன்னு இருக்கும்.

காப்பின்னா கூடாதுன்னு நான் சொல்லலீங்க. கிடைக்கவே கிடைக்காத ஒரு பிராக்கெட்டு, ஒரு கதவுக் கைப்பிடி, அதை இங்க வார்த்துக்கறதுல தப்பே இல்ல, நானும் பண்றேன். பேட்டர்ன் சரியா அடிக்கச் சொல்லி, உள்பக்கம் கண்ணுல படாத எடத்துல செஞ்ச வருஷத்தைக் குத்திருங்க, நாளைக்கு உங்ககிட்ட இருந்து வாங்கறவரு அதை 66 பீஸ்னு நெனச்சு ஏமாறக்கூடாது. ஆனா ஸ்டியரிங், பிரேக், சஸ்பென்ஷன் சம்பந்தப்பட்டது எதையும் அப்படி வார்க்காதீங்க, அது உசுரு சமாச்சாரம்.

ஹெரால்டுல இதுக்கு நேரா ஒரு உதாரணம், முன்வீலுக்கு அடியில வர்ற டிரன்னியன். பித்தளைப் பீஸ், அதுக்குள்ள நிக்கிற இரும்புத் தண்டு மரையில சுத்திச் சுத்தித்தான் வண்டி திரும்பும். ஒரு பக்கம் வலது மரை, இன்னொரு பக்கம் இடது மரை, வெளிய இருந்து பாத்தா ரெண்டும் அண்ணன் தம்பியாட்டம் ஒண்ணாத்தான் இருக்கும், கடையில ரெண்டும் ஒரே பக்கத்துப் பீஸா குடுத்துருவாங்க. வாங்கற எடத்துலயே பழைய தண்டுல சுத்திப் பாத்து வாங்கோணும். இதுக்குள்ள கிரீஸ் அடிக்காதீங்க, 90 கியர் ஆயில்தான் விடோணும், காஞ்சு போச்சுன்னா தண்டு முறிஞ்சு வீல் படுத்துரும். இதைப் புதுசாவே வாங்கிருங்க. இங்கிலாந்துல டிரையம்ப் வண்டிக்குன்னே பார்ட்ஸ் விக்கற கடைங்க இருக்குது, ஸ்பிட்ஃபயர்னு அவங்க விட்ட ஸ்போர்ட்ஸ் காரு ஹெரால்டு சேஸிஸைச் சுருக்கிச் செஞ்சதுதான், அதனால முன்பக்க சஸ்பென்ஷன் சாமான் இன்னும் புதுசா வருது, டூட்டி பார்சல் செலவு சேத்தாலும் குடுக்கலாம். உங்களுது ரெண்டு கதவு வண்டின்னா கதவு சம்பந்தப்பட்டதும் அங்க தேடலாம், பின்னால வந்த நாலு கதவு மார்க் 3 இந்தியாவுல மட்டும் செஞ்சது, அது வெச்சிருக்கறவங்களுக்குப் பின்கதவும் கண்ணாடியும் இங்கதான் தேடியாகோணும்.

போல்ட்டு நட்டை யாரும் கண்டுக்கறதில்ல, எனக்கு அதுதான் ஆத்தாமை. இந்த வண்டியில பெரும்பாலும் இருக்கறது யுஎன்எஃப்ங்கற இஞ்ச் கணக்கு மரை, 7/16, 1/2, 9/16 ஸ்பேனர்தான் சரியா உக்காரும். 5/16 போல்ட்டு தொலைஞ்சா எட்டு மில்லி போல்ட்டை வெச்சு முறுக்கிருவாங்க, தடிமன் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா பழசுல இஞ்சுக்கு 24 மரை, எட்டு மில்லியில 20 சொச்சம், ரெண்டு சுத்து ஏறி அப்பறம் பிளாக்குல இருக்கற மரையை அரைச்சுரும். மரை அளக்கற திரெட் கேஜ் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க. தலையில சின்னச் சின்ன வட்டம் கோத்தாப்பல குறி இருக்கற போல்ட்டு கிடைச்சா பத்திரப்படுத்துங்க, அந்தக் காலத்து யூனிஃபைடு போல்ட்டுக்கு அதுதான் அடையாளம்.

தேடற எடம்னா உக்கடம் பழைய இரும்புக் கடைங்க, மெட்ராஸ்ல புதுப்பேட்டை, இது எல்லாருக்கும் தெரிஞ்சது. அதைவிட எனக்கு நல்லதா அமையறது ஈரோடு, சேலம், பொள்ளாச்சியில அப்பா காலத்துல இருந்து ஸ்பேர்ஸ் கடை வெச்சிருக்கறவங்கதான், பரண் மேல பெட்டி பிரிக்காம பழைய ஸ்டாக் கிடக்கும். போன்ல கேட்டா இல்லைன்னுதான் வரும், பழைய பீஸைக் கையில எடுத்துட்டு நேர்ல போயி, கூட்டம் இல்லாத மத்தியான நேரத்துல பெரியவருகிட்ட, ஐயா இது உங்ககிட்ட இருந்துச்சுங்களான்னு கேளுங்க, கண்ணுல பாத்ததும் அவருக்கு ஞாபகம் வந்துரும். வால்பாறை, குன்னூர் எஸ்டேட் பங்களாப் பக்கமும் விசாரிச்சு வெய்யுங்க. ஆனா பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக்னாலும் பிரேக் ரப்பர் மட்டும் வாங்காதீங்க, அம்பது வருஷ ரப்பர் பாக்க நல்லா இருந்தாலும் உள்ள செத்துப்போயிருக்கும், பிரேக் சிலிண்டர்ல போட்டிருக்கற இஞ்ச் அளவைப் பாத்துப் புது ரப்பர் கிட் போட்டுக்கோங்க.

வண்டியோட ஒரிஜினல் பெயிண்ட் கலர் தெரியோணும்னா டேஷ்போர்டுக்கு அடியிலயும் சீட்டுக்கு அடியிலயும் தேடுங்க, மறுபெயிண்ட் அடிச்சவங்க அங்க வரைக்கும் போயிருக்க மாட்டாங்க.

ஆர்சி புக்கையும் எடுத்துப் பாருங்க. 2021ல மத்திய அரசு கொண்டாந்த விதிப்படி முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டின வண்டியை விண்டேஜா பதியலாம், விஏன்னு சேத்து நம்பர் தருவாங்க, புதுப் பதிவுக்கு 20,000 ரூபா, பத்து வருஷத்துக்குச் செல்லும். தெனமும் ஓட்டறதுக்கு இல்ல, ரேலி, கண்காட்சி மாதிரி காரியத்துக்குத்தான். சேஸிஸு, பாடி, இன்ஜின் மூணுலயும் பெரிசா மாத்தம் பண்ணியிருக்கக்கூடாதுன்னு அதுல இருக்குது. நம்ம பக்கம் பெட்ரோல் இன்ஜினை எறக்கிட்டு டீசல் ஏத்தினது எத்தனையோ வண்டி, அதனால இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் புக்கோட ஒத்துப்போகுதான்னு பாத்துட்டு, வித்தியாசம் இருந்தா ஆர்டிஓ ஆபீஸ்ல என்ன வழின்னு கேட்டு முடிச்சதுக்கு அப்பறமா பார்ட்ஸுக்குப் பணத்தை எடுங்க.