ஊடகத் தொழில்நுட்பம் சமூகத்தை நிஜமாகவே மாற்றுகிறதா?

“வானொலி, டிவி, கைபேசி என்று கருவிதான் மாறுகிறது, மனிதர்கள் மாறுவதில்லை” என்று நண்பர் சொல்கிறார், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. யாருடைய குரல் யாரை எட்டும் என்பது கருவியைப் பொறுத்தது. அது மாறினால் மற்றதும் நகரும்.

கொடைக்கானல் பண்பலையைப் பாருங்கள். பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். சமவெளியில் 100 மீட்டர் உயரக் கோபுரத்துக்கு அடிவானம் சுமார் 40 கிலோமீட்டர். 2,000 மீட்டர் மலைமேல் நிறுத்தினால் 180 கிலோமீட்டரைத் தாண்டும். அதனால்தான் மதுரை, திண்டுக்கல், தேனி என்று பல மாவட்டங்கள் ஒரே நிலையத்தைக் கேட்க முடிந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே மலையில் முகட்டுக்குப் பின்னால், பள்ளத்தில் இருக்கும் ஊரில் அது கரகரக்கலாம்!

ஆனால் வானொலி ஒருவழிப் பேச்சு. பதிலுக்குக் கேள்வி கேட்க வைத்தது கைபேசி. கொடைக்கானல் மேல்மலையில் பூண்டு போடுகிறவர் மூட்டையை வண்டியில் ஏற்றும் முன்பே தேனி மாவட்டத்து வடுகபட்டிப் பூண்டுச் சந்தை விலையை விசாரித்துவிடலாம். இதனால் லாபம் உண்டா? கேரள மீனவர்களைப் பற்றிப் பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வு உண்டு என்கிறது: கைபேசி வந்தபின் கடற்கரைக்குக் கடற்கரை இருந்த விலை வித்தியாசம் வெகுவாகக் குறைந்தது, விற்காமல் வீணாகும் மீன் கிட்டத்தட்ட இல்லாமல் போனது, மீனவர் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது.

அப்புறம், உங்கள் நண்பர் சொன்னதில் சரியான பாதி. மண்டியில் முன்பணம் வாங்கிய விவசாயிக்கு விலை தெரிந்தும் வேறு சந்தைக்குப் போக வழியில்லை. அந்தக் கடனைக் கைபேசி அடைக்காது.