இருட்டை எழுதத் தமிழுக்குத் தெரியும்

கேள்வி: அலெக்ஸ் மைக்கலீடிஸின் ‘தி சைலண்ட் பேஷண்ட்’, கில்லியன் ஃபிளின்னின் ‘கான் கேர்ள்’, சுசானா கிளார்க்கின் ‘பிரனேசி’ மூன்றையும் அண்மையில் அடுத்தடுத்துப் படித்தேன். இப்படி மனத்தின் இருட்டுக்குள் இறங்கும் நாவல் தமிழில் ஒன்றுகூட இல்லையே, ஏன்? நம் எழுத்தாளர்களுக்குத் துணிச்சல் இல்லையா? அல்லது நீதி சொல்லியே பழகிய மரபு என்பதாலா?
– வாசகர் ஒருவர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: வேலூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே என்பதுதான் என் வருத்தம். கோடையில் உங்கள் ஊரைச் சுற்றி எத்தனையோ திரௌபதி அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடக்கிறது. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடிய விடியக் கூத்து. துரியோதனன் சாவை நடித்துக்காட்டும் படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனன் திடலில் மல்லாந்து கிடப்பான். பீமன் அவன் தொடையைப் பிளக்க, விரித்த கூந்தலோடு காத்திருந்த திரௌபதி அந்த இரத்தம் தொட்டுக் கூந்தலை முடிப்பாள். அதே களத்தில், செத்தவனுக்காகத் தாய் காந்தாரியின் ஒப்பாரியும் எழும். பழி தீர்ந்த நிம்மதியும் மகனைப் பறிகொடுத்த அழுகையும் ஒரே கூட்டத்துக்குள் நிற்கின்றன. இதையும் நீதி போதனை என்று ஒதுக்கிவிட முடியுமா? ஒரு முறையாவது போய் விடியும்வரை உட்கார்ந்து பாருங்கள்.

அச்சில் வந்ததைப் பார்ப்போம். உங்களுக்குப் பக்கத்து ஊரான ஆரணியைச் சேர்ந்த குப்புசாமி முதலியார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ரெயினால்ட்ஸ் போன்றவர்களின் ஆங்கில மர்ம நாவல்களைத் தமிழ்ப் பெயரும் தமிழ் ஊரும் கொடுத்துத் தழுவி எழுதினார். ஆழம் என்று பார்த்தால் அவற்றில் அதிகம் இல்லை. ஆனால் சதி, கொலை, ஆள்மாறாட்டம் எல்லாவற்றையும் தமிழ் வாசகர்கள் நூறு ஆண்டுக்கு முன்பே ஆவலோடு வாங்கிப் படித்தார்கள்.

ஆழம் வேண்டுமென்றால் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யைப் படியுங்கள். தூக்கம் வராத ஓர் எழுத்தாளன். பிச்சை கேட்டு வந்தவளை வீட்டில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும் மனைவி. எங்கிருந்தோ வரும் வாசனை. வந்தவள் பேயா, அல்லது அவன் மனம்தான் பிசகியதா என்பதைக் கதை கடைசிவரை முடிவு கட்டுவதில்லை. அந்தத் தலைப்பில் தொகுப்பு வந்தது 1943இல். ஷெர்லி ஜாக்சன் இதே சந்தேகத்தை ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ என்ற முழு நாவலாக எழுதியது 1959இல். துணிச்சல் இல்லை என்ற உங்கள் வாதம் இங்கேயே விழுந்துவிடுகிறது.

ஆனாலும் உங்கள் கேள்வியில் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். சிறுகதையில் நாம் தொட்ட ஆழத்தை நாவலில் அரிதாகவே தொட்டிருக்கிறோம். பழியை இதழ்கள் மீதுதான் போடுவேன். நம் திகில் நாவல்கள் பெரும்பாலும் வாராவாரம் வளர்ந்தவை. வாரத்துக்கு நாலு பக்கம், அதிலும் ஓவியத்துக்குப் பங்கு, முடிவில் ஒரு முடிச்சு. போன வாரத்தைத் தவறவிட்டவருக்கும் இந்த வாரம் புரிய வேண்டும். பொய் சொல்லும் கதைசொல்லி பத்தாம் பக்கத்தில் ஒரு வார்த்தையை ஒளித்துவைத்தால், அது இருநூறாம் பக்கத்தில் வெடிக்கும்போது வாசகர் பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டும். பழைய இதழ் அதற்குள் பழைய பேப்பர் கடைக்குப் போயிருக்கும். ‘குற்றமும் தண்டனையும்’கூட 1866இல் தொடராகத்தானே வந்தது என்று கேட்பீர்கள். அது மாத இதழ். ஒவ்வொரு தடவையும் தஸ்தயெவ்ஸ்கிக்குப் பெரும் பகுதி இடம் கிடைத்தது. குமுதத்தில் தொடராக வந்த ‘கொலையுதிர் காலம்’, பேயா விஞ்ஞானமா என்ற ஐயத்தை அத்தனை வாரமும் கட்டிக் காத்தது சுஜாதாவின் கைத்திறன். மற்றவர்களிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நீங்கள் படித்த மூன்றையும் ஒரே தட்டில் வைத்ததையும் நான் ஏற்கவில்லை. ‘தி சைலண்ட் பேஷண்ட்’ (2019) முழுவதும் கடைசித் திருப்பத்தை நம்பி நிற்கிறது. திருப்பம் தெரிந்த பிறகு, அதில் வாய்திறக்காத நாயகியின் மௌனத்துக்குள் மறுபடி போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ‘கான் கேர்ள்’ (2012) பாதியிலேயே தன் ரகசியத்தை உடைத்துவிடுகிறது. பிறகுதான் உண்மையான பயம் தொடங்குகிறது: ஒருவரை ஒருவர் முழுதாக அறிந்த இருவர் ஒரே வீட்டில் எப்படி வாழ்வார்கள்? 2021இல் பெண்களுக்கான புனைவுப் பரிசு பெற்ற ‘பிரனேசி’ வேறு இனம். சிலைகள் நிறைந்த முடிவில்லாத மண்டபங்களில் கடல் ஏறி இறங்குவதைக் குறித்துவைத்தபடி வாழும் அந்த மனிதன், தன்னிடமிருந்து எது பறிக்கப்பட்டது என்றே அறியாமல் எல்லாவற்றுக்கும் நன்றி சொல்கிறான். மூன்றில் என்னை அதிகம் கலங்கடித்தது அவன் நன்றிதான். அடுத்து டாஃப்னி டு மோரியேயின் ‘ரெபெக்கா’வை (1938) எடுங்கள், கதை சொல்பவளின் பெயரைக் கடைசிவரை சொல்லாமலே அவள் பொறாமையை நம்முடையதாக்குகிறது. கனவும் புராணமும் கலந்த மாய நகரம் வேண்டுமென்றால் ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) தமிழிலேயே இருக்கிறது. பொறுமை கேட்கும் புத்தகம், பாதியில் வைத்துவிடாதீர்கள்.

எழுதும் ஆசை இருந்தால் உங்கள் கோட்டைக்குள்ளேயே கதை இருக்கிறது. 1806 ஜூலை 10 விடியலுக்கு முன் சிப்பாய்கள் வெள்ளையருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே முஸ்தபா பேக் என்ற சிப்பாய், சதி நடக்கிறது என்று வெள்ளை அதிகாரியிடம் சொல்லியிருந்தான். விசாரித்த இந்திய அதிகாரிகள் அவன் பேச்சு நம்பத் தகாதது என்றார்கள்; அவனைக் காவலில் அடைத்தார்கள். பிறகு அவன் சொன்னதே நடந்தது. தோழர்களுக்கு அவன் துரோகி, அதிகாரிகளுக்குப் பொய்யன், ஆனால் சொன்னது உண்மை. அடைபட்ட அந்த நாட்களில் அவன் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? அவன் குரலிலேயே யாராவது எழுதுங்கள். வாரா வாரம் பிய்த்து அனுப்ப வேண்டாம். முழு நாவலாக முடித்து அனுப்புங்கள். முழுவதையும் நானே படிக்கிறேன். தகுதி இருந்தால் துண்டு போடாமல் ஒரே இதழில், இணைப்பு நூலாக வெளியிடுவேன்.