மகன் பெயர் எழுதிய வாரண்ட்

அன்புள்ள ஐயா,

பாஸ் ரீவ்ஸ் பற்றிப் படித்தேன். அடிமையாகப் பிறந்து அமெரிக்கத் துணை மார்ஷல், அதாவது குற்றவாளிகளைப் பிடிக்கும் அரசு அதிகாரி, ஆனவர். மனைவியைக் கொன்ற தன் மகனைத் தானே கைது செய்திருக்கிறார். இவரை அமெரிக்காவின் மனுநீதிச் சோழன் என்று சொல்லலாமா? லோன் ரேஞ்சர் என்ற முகமூடி வீரன் கதைக்கும் இவர்தான் மூலமாமே?

- ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

லோன் ரேஞ்சருக்கு உறுதியான ஆதாரம் கிடையாது, அதை விடுங்கள். ரீவ்ஸ் சில வாரங்களாகவே என் மனதில் இருக்கிறார். 1875 முதல் 32 வருடம், இன்றைய ஓக்லஹோமாவில் குதிரையில் அலைந்து கொலைகாரர்களையும் குதிரைத் திருடர்களையும் பிடித்தவர். அவரே சொன்ன கணக்கு 3000-க்கு மேல். எழுதப் படிக்கத் தெரியாது. வாரண்ட்டை யாரையாவது வாசிக்கச் சொல்லி, எந்தத் தாள் யாருக்கு என்று மனதில் பதித்துக்கொள்வார். 1902-ல் அங்கே மஸ்கோகி என்ற ஊரில், மகன் பென்னியின் பெயரையும் யாரோ வாசிக்கத்தான் கேட்டிருப்பார்.

மனுநீதிச் சோழன் என்கிறீர்களே, எனக்குக் கோபம்தான் வந்தது. அங்கே பசுவுக்காவது இழுக்க ஒரு மணி இருந்தது. இங்கே செத்துப்போனவளுக்கு உங்கள் கடிதத்தில் ‘மனைவி’ என்ற ஒரே சொல்தான். கடமை தவறாத அப்பா, கெட்டுப்போன மகன் என்று கதையை அவர்கள் இருவருக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அவளுக்கும் ஒரு அப்பா இருந்திருப்பார். அன்று ராத்திரி அவர் எங்கே உட்கார்ந்திருந்தார்? இதை ஏன் யாருமே கேட்பதில்லை? நீங்களும் கேட்கவில்லை. அடுத்த முறை கேளுங்கள்.

சரி, ரீவ்ஸுக்கு வருகிறேன். பிடித்த மகனை அழைத்து வந்தாரே, அந்த வழியைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் நான் பிட் அடித்தேன். அன்று அறையில் மேற்பார்வை என் அப்பா. தாளைப் பிடுங்கி, தலைமையாசிரியரிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். சாயங்காலம் வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர். அவர் சைக்கிளில் ஏறவில்லை. என் பையை வாங்கிக் கேரியரில் வைத்து, உருட்டிக்கொண்டே என் பக்கத்தில் நடந்தார். ஒரு வார்த்தை இல்லை. செயின் கவரில் உரசுகிற சத்தம் மட்டும். அப்புறம் பல வருடம் நாங்கள் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை.

பென்னி ஆயுள் கைதியாக லெவன்வொர்த் சிறைக்குப் போனான். 1910 ஜனவரியில் ரீவ்ஸ் இறந்தபோது அவன் உள்ளேதான் இருந்தான். என் அப்பா அந்தச் சாயங்காலத்துக்கு அப்புறம் இருபது வருடம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தார். ஏன் நடந்து வந்தீர்கள் என்று நான் கேட்கவே இல்லை.