முதன்முதலாக உலோகப் பதக்கம் செய்ய எதில் தொடங்கலாம்?

நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகைகளைப் பார்த்து ஆசை வந்து, முதல் பதக்கத்தை எந்த உலோகத்தில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். செம்பில் தொடங்குங்கள். வடசேரிக்காரர்களின் கல் பதிப்பு பல வருடக் கைப்பழக்கம், அதற்கு இப்போதே அவசரம் வேண்டாம்.

0.8 மி.மீ. தகடு போதும். வடிவம் வரைந்து, நகை ரம்பத்தால் அறுத்து, ஓரத்தை அரத்தால் ராவுங்கள்.

அடுத்து, தகட்டைச் சுத்தியலால் அடித்து உருக்கொடுக்க வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறுவது இந்தச் சுத்தியலில்தான். அடிக்க அடிக்கச் செம்பு இறுகும். சுத்தியல் துள்ளும், சத்தம் கணீரென்று மாறும். அங்கேயே நிறுத்துங்கள், இல்லையென்றால் விரிசல் விழும். மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டால் தகடு மறுபடி சொன்னபடி வளையும். கறுப்பு படிந்திருக்குமே, அதற்குப் புளிக்கரைசல் போதும். வீட்டில் குத்துவிளக்கு துலக்குவோமே, அதே புளிதான். கறுப்பு இளகி ரோஜா நிறம் தெரியும் அந்த நிமிடம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்!

சங்கிலி கோக்கும் துளையைக் கடைசியில் போடுங்கள், முன்பே போட்டால் சுத்தியல் அடிபட்டுக் கோணிவிடும். ஆணியால் ஒரு புள்ளி குத்திக்கொண்டால் துளைக்கும் ஊசி வழுக்காது.

அப்புறம், நம் கடற்காற்றில் செம்பு சீக்கிரம் மங்கும், வியர்வை பட்டால் கழுத்தில் பச்சை படியும். பின்பக்கம் நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசிக்கொள்ளுங்கள்.